பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும்

(ஆசிரியர்களும் பி.எட். மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த சிதம்பரம் அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்துச் சாலைகளில் பேருந்தில் போகும்போது கல்வியியல் கல்லூரிகளின் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரிப் பெயருக்குக் கீழே வழக்கமாக இரண்டு வரி இருக்கும். என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றது என்பது ஒன்று. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது என்பது இன்னொன்று. சில கல்லூரிகளில் மூன்றாவதாக நாக் தரச்சான்று என்று ஒரு வரியும் அதன் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். சேர்க்கை நேரத்தில் ஒரு தகப்பனார் அலுவலகத்துக்குள் வந்து, "எல்லா அப்ரூவலும் இருக்குல்ல சார்?" என்று கேட்கிறார். "எல்லாம் இருக்கு, கவலையே படாதீங்க" என்று பதில் வருகிறது. அவரும் நிம்மதியாகப் பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார்.

அந்த "எல்லாம்" என்பதற்குள் தனித்தனியான பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் தருவது ஒரு தனி அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமோ விதியோ உண்டு. ஒன்று இருந்து இன்னொன்று இல்லாமல் போனால் ஏற்படும் நட்டமும் வேறு வேறு. இன்று அவற்றைப் பிரித்துக் காட்ட முயல்கிறேன். பிரித்துப் பார்த்த பிறகு ஒரு குறையைச் சொல்லப் போகிறேன். ஒரு நல்ல ஆசிரியரை உருவாக்குவதில் எது மிக முக்கியமோ, அதைத்தான் இந்தச் சான்றுகள் எல்லாம் மிகக் குறைவாகப் பார்க்கின்றன என்பதே அந்தக் குறை.

அங்கீகாரம்

முதலில் அங்கீகாரம். இதைத் தருவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். எல்லோரும் என்.சி.டி.இ. என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். 1973-இல் இந்தக் குழுமம் தொடங்கியபோது அரசுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே அதற்கு இருந்தது. அதிகாரம் எதுவும் கிடையாது. 1993-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதற்கு அதிகாரம் கொடுத்தது. சட்டம் 1995 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் குழுமம் சட்டபூர்வமாக அமைந்தது.

அந்தச் சட்டத்தில் மூன்று பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். 14-ஆம் பிரிவின்படி ஆசிரியர் பயிற்சி தரும் எந்த நிறுவனமும் அங்கீகாரம் பெற வேண்டும். நிதி, கட்டடம், நூலகம், ஆய்வகம், தகுதியான ஆசிரியர்கள் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து மண்டலக் குழு ஆணை தரும். தமிழ்நாட்டுக்குத் தென்மண்டலக் குழு. 16-ஆம் பிரிவின்படி, அங்கீகாரம் இல்லாத நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகம் இணைவு தரக்கூடாது, தேர்வும் நடத்தக்கூடாது. 17-ஆம் பிரிவு அங்கீகாரத்தைத் திரும்பப் பெறுவது பற்றியது. அதற்குள் இருக்கும் ஒரு உட்பிரிவுதான் மாணவருக்கு உயிர்நாடி. அங்கீகாரம் போன பிறகும் ஒரு நிறுவனம் படிப்பை நடத்தினால், அதில் பெற்ற பட்டம் அரசு வேலைக்கும் அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கும் செல்லாது. தவறு நிறுவனத்துடையது, இழப்பு மாணவருடையது.

இது தனியாருக்கு மட்டும் வரும் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய, மாநில அரசுகளின் நிதியில் இயங்கும் நிறுவனங்களில்கூடச் சில அங்கீகாரம் வாங்காமல் ஆசிரியர் பயிற்சி நடத்தி வந்தது பிறகு தெரியவந்தது. அங்கே படித்து முடித்தவர்களின் பட்டம் கேள்விக்குறியானது. அவர்களைக் காப்பாற்ற 2019-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, 2017-18 கல்வியாண்டு வரை அத்தகைய அரசு நிறுவனங்களுக்குப் பின்தேதியிட்டு அங்கீகாரம் தர வழி செய்தது. ஒரு கோப்பு நகராததற்காக நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தது. தனியார் கல்லூரி மாணவருக்கு அந்த வழி திறக்கவில்லை.

அங்கீகார ஆணையைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதில் ஒரு எண் இருக்கும். அது சேர்க்கை எண்ணிக்கை. 2014 விதிகளின்படி பி.எட். படிப்புக்கு ஒரு அலகு என்றால் 50 மாணவர். இரண்டு அலகுக்கு 100. நூறு மாணவர் உள்ள கல்லூரியில் முதல்வரைச் சேர்த்து 16 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அந்தப் பதினாறில் உடற்கல்விக்கு ஒருவர், நுண்கலைக்கு ஒருவர், இசை, நாடகம் போன்ற நிகழ்த்துகலைக்கு ஒருவர் அடக்கம். உங்கள் கல்லூரியில் நிகழ்த்துகலை சொல்லித்தருபவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பெயர் நினைவுக்கு வந்தால் நல்லது. ஆசிரியர் பட்டியலைக் கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது.

இவ்வளவு விதி இருந்தும் அங்கீகாரம் ஏன் தரத்துக்கு உத்தரவாதம் ஆகவில்லை? மகாராஷ்டிரத்தில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே 291 ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் அங்கீகாரம் கேட்டு நின்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் ஒரு ஆணையம் அமைத்தது. நேரில் போய்ப் பார்த்தபோது மிகப் பெரும்பாலானவை தேறவில்லை. 2012 ஆகஸ்டில் வந்த அந்த ஆணையத்தின் அறிக்கை நாட்டின் ஆசிரியர் கல்வி முழுவதையும் அலசியது. பணிக்கு முந்தைய பயிற்சி நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் அரசு சாராதவை என்று அது சுட்டிக்காட்டியது. அந்த அறிக்கையின் விளைவுதான் 2014 விதிகள். ஓராண்டாக இருந்த பி.எட். 2015 முதல் இரண்டாண்டு ஆனதும் அதனால்தான்.

ஆக, அங்கீகாரம் என்பது தொடங்கவும் தொடரவும் கிடைக்கும் அனுமதி. வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது என்பதால் வண்டி நன்றாக ஓடும் என்று ஆகிவிடாது. ஆனால் அந்தப் புத்தகம் இல்லாமல் ரோட்டில் இறங்கவே முடியாது.

இணைவு

இரண்டாவது இணைவு. இதைப் புரிந்துகொள்ளச் சிதம்பரத்துக்காரர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1920-இல் அண்ணாமலைச் செட்டியார் இங்கே ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. பாடத்திட்டம் சென்னையிலிருந்து வரும், தேர்வு சென்னை நடத்தும், பட்டமும் சென்னையுடையது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது, தானே பாடம் வகுத்து, தானே தேர்வு வைத்து, தானே பட்டம் தரும் உரிமை இந்த ஊருக்கு வந்தது. பிறகு நீண்ட காலம் அது எந்தக் கல்லூரியையும் தன்னோடு இணைத்துக்கொள்ளாத, வளாகத்துக்குள்ளேயே இயங்கும் பல்கலைக்கழகமாக இருந்தது. 2021-க்குப் பிறகு நம் மாவட்டத்தையும் பக்கத்து மாவட்டங்களையும் சேர்ந்த கலை அறிவியல் கல்லூரிகள் அதனோடு இணைக்கப்பட்டன. ஒருகாலத்தில் இணைவு வாங்கிய இடம் இன்று இணைவு தரும் இடமாக இருக்கிறது.

பி.எட். கல்லூரிகளின் கதை தனி. அவற்றுக்கென்றே 2008-இல் தமிழ்நாடு அரசு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வியியல் கல்லூரிகள் அதனோடு இணைந்தவை. அதனால் இந்த ஒரே ஊரில் இரண்டு முத்திரைகளில் பி.எட். பட்டம் வாங்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் படித்தால் அதன் பட்டம், பக்கத்துத் தனியார் கல்லூரியில் படித்தால் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பட்டம். இரண்டுக்குமே என்.சி.டி.இ. அங்கீகாரம் கட்டாயம்.

இணைவில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நேரடிப் படிப்புக்கான அனுமதி வேறு, தொலைநிலைப் படிப்புக்கான அனுமதி வேறு. அண்ணாமலையின் தொலைதூரக் கல்வி 1979-இல் தொடங்கியது. அஞ்சலில் பாடம் வாங்கிப் படித்துப் பட்டதாரி ஆனவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர், இந்த அவையிலும் இருப்பீர்கள். 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்குத் தன் ஒப்புதல் 2014-15 கல்வியாண்டு வரைதான் இருந்தது என்று அதில் சொன்னது. நான் இதை எடுத்துச் சொல்வது ஒரு பல்கலைக்கழகத்தைக் குறைகூற அல்ல. பெரிய பெயர், பழைய பெயர், நம் ஊர்ப் பெயர் என்பதெல்லாம் நம்பிக்கைக்கு ஆதாரம்தான். ஆனால் எந்தப் படிப்பு, எந்த முறையில், எந்த ஆண்டுக்கு அனுமதி பெற்றது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. பி.எட். தொலைநிலையில் படிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2014 விதிகளின்படி, ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அந்த வழி. பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு அஞ்சலில் பி.எட். முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தரச்சான்று

மூன்றாவது, எல்லோரும் நாக் என்று சொல்கிற தரச்சான்று. நாளிதழ்களில் இதையும் அங்கீகாரம் என்றே எழுதிவிடுகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. என்.சி.டி.இ. தருவது சட்டப்படியான அனுமதி. பெங்களூரில் 1994-இல் தொடங்கிய நாக் தருவது தர மதிப்பீடு. நாக் சான்று இல்லாததால் உங்கள் பட்டம் செல்லாமல் போகாது. நாக் சான்று இருப்பதால் அங்கீகாரம் போன கல்லூரி பிழைக்கவும் செய்யாது.

நாக் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கல்லூரிகளில் அந்த நாட்களில் காதில் விழும் சுருக்கெழுத்துகள் மிரள வைக்கும். கல்லூரி முதலில் ஐ.ஐ.க்யூ.ஏ. என்ற விண்ணப்பம் போடும். அடுத்து எஸ்.எஸ்.ஆர்., அதாவது தன்னைப் பற்றித் தானே எழுதும் அறிக்கை. அதில் சொன்ன எண்களை வெளியார் சரிபார்ப்பது டி.வி.வி. மாணவர்களுக்கு மின்னஞ்சலில் போகும் கருத்துக்கணிப்பு எஸ்.எஸ்.எஸ். பிறகு பியர் டீம் என்னும் குழு நேரில் வரும். ஆண்டு முழுவதும் இதற்காக உழைக்க வேண்டிய உள்குழு ஐ.க்யூ.ஏ.சி. ஆண்டுதோறும் அது அனுப்பும் அறிக்கை ஏ.க்யூ.ஏ.ஆர். ஆசிரியர் கல்வி நிறுவனங்களுக்கென்று நாக் தனிக் கையேடு வைத்திருக்கிறது. பாடத்திட்டம், கற்பித்தல், ஆய்வு, கட்டமைப்பு, மாணவர் ஆதரவு, நிர்வாகம், நிறுவன விழுமியங்கள் என ஏழு அளவுகோல்கள்.

முடிவில் நான்குக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண். 3.51-க்கு மேல் ஏ பிளஸ் பிளஸ், 3.26 முதல் ஏ பிளஸ், 3.01 முதல் ஏ. அதற்குக் கீழே பி வரிசையில் மூன்று, பிறகு சி. 1.50-க்குக் கீழே போனால் டி, சான்று கிடையாது. சாதாரணமாகச் சான்றின் ஆயுள் ஐந்தாண்டு. பலகையில் ஏ என்ற எழுத்து இருந்தால் போதாது, எந்த ஆண்டில் வாங்கிய ஏ என்று கேட்க வேண்டும். ஆயுள் முடிந்த எழுத்துகள் பலகைகளில் இருந்து தானாக அழிவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாக் மதிப்பிடுவது நிறுவனத்தை. பொறியியலில் ஒவ்வொரு படிப்பையும் தனியாக எடுத்து மதிப்பிட என்.பி.ஏ. என்ற அமைப்பு இருக்கிறது. ஆசிரியர் கல்வியில் அந்த வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. தனியாக இயங்கும் பி.எட். கல்லூரியில் இது பெரிய சிக்கல் இல்லை, கல்லூரியும் படிப்பும் ஒன்றுதான். ஆனால் மருத்துவம், பொறியியல், வேளாண்மை என்று பல துறைகள் உள்ள ஒரு பல்கலைக்கழகம் ஏ பிளஸ் வாங்கினால், அதன் கல்வியியல் துறை எப்படி என்று அந்த எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

நாக் குழு வருகிறது என்றால் கல்லூரி எப்படி மாறும் என்று இங்கிருக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவருக்கு வெள்ளை, பூந்தொட்டி, அலமாரி நிறைய கோப்பு. விடிய விடிய ஜெராக்ஸ். நான்கு ஆண்டு முன்பு நடந்த கருத்தரங்குக்கு இன்று வருகைப் பதிவேடு தயாராகும். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆவணம் கேட்டால் ஆவணம்தான் வரும். அதைவிடக் கெட்டதும் நடக்கும். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் குண்டூர் பகுதியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் தருவதற்காக லஞ்சம் வாங்கியதாகக் குற்றம் சாட்டி, நாக் குழுவின் தலைவர் உட்படப் பத்துப் பேரை சி.பி.ஐ. கைது செய்தது. அதற்கு முன்பே, இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. இராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு இந்த முறையையே மாற்றச் சொல்லியிருந்தது. எழுத்துத் தரம் போய், சான்று உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலை, அதற்கு மேல் முன்னேற விரும்புவோருக்கு ஐந்து படிநிலைகள் என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இனி வரும் பலகைகளில் எழுத்து இருக்காமலும் போகலாம்.

தகுதி

நான்காவது சொல் பலகையில் இருக்காது. அதுதான் தகுதி. பி.எட். முடித்தவர் பட்டம் பெற்றவர், அவ்வளவுதான். கல்வி உரிமைச் சட்டத்தின்படி என்.சி.டி.இ. 2010 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிக்கை, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அந்த டெட் தேர்வு முதன்முதலில் 2012 ஜூலையில் நடந்தபோது ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. எழுதியவர்கள் எல்லோரும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் பயிற்சி முடித்தவர்கள், அல்லது முடிக்கும் தறுவாயில் இருந்தவர்கள். வினாத்தாள் கடினம், நேரம் போதவில்லை என்று பல காரணங்கள் பேசப்பட்டன, அவற்றில் நியாயமும் இருந்தது. ஆனாலும் பயிற்சிக்கும் தகுதிக்கும் நடுவில் இருந்த இடைவெளி அன்று ஊருக்கே தெரிந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்கள் மீண்டும் கைடு வாங்கி உட்கார வேண்டிய நிலை. அவர்களின் மனக்குறை எனக்குப் புரிகிறது. வகுப்பறையில் காட்டிய திறமையை முறையாகப் பதிவு செய்யும் வழக்கம் நம்மிடம் இருந்திருந்தால், நீதிமன்றத்தின் முன் வைக்க அவர்களிடம் ஏதாவது இருந்திருக்கும்.

பள்ளிப் பயிற்சி

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2014 விதிகளின்படி பி.எட். இரண்டாண்டில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். கல்லூரி வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும். விதியை எழுதியவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம், தலைமையாசிரியரிடம் ஒப்படைப்பு, கையெழுத்துப் பதிவேடு, லெசன் பிளான் நோட்டு, கடைசியில் ஒரு சான்றிதழ். வராமலே வந்ததாகக் கணக்குக் காட்டும் "நான் அட்டெண்டிங்" வியாபாரமும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

கிள்ளைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் பார்த்த ஆறாம் வகுப்பு ஒன்றைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வந்த பெண் விகிதம் நடத்தினார். நோட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: பொது நோக்கம், சிறப்பு நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு. முன்னறிவு என்ற கட்டத்தில், "மாணவர்கள் பின்னங்களை அறிந்திருப்பர்" என்று எழுதியிருந்தார். சார்ட்டில் மூன்று ஆப்பிள், இரண்டு ஆரஞ்சு. மூன்றாவது வரிசையில் இருந்த பையனை எழுப்பிக் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். தலை குனிந்துகொண்டான். பின்னால் உட்கார்ந்திருந்த வகுப்பாசிரியர் மெதுவாக, "டேய், நேத்து நண்டுக் காசை எப்படிப் பிரிச்சீங்க?" என்றார். பையன் நிமிர்ந்தான். "படகுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு. மூணு பேரு போனாங்க. நாலு பங்கு." "அப்ப படகுக்கும் ஆளுங்களுக்கும்?" "ஒண்ணுக்கு மூணு." வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். அந்தப் பெண் கரும்பலகையில் 1 : 3 என்று எழுதினார். மதிய இடைவேளையில் நோட்டை எடுத்து, முன்னறிவுக் கட்டத்தில் எழுதியதை அடித்துவிட்டு, "பங்கு பிரிக்கத் தெரியும்" என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று அவர் ஆசிரியராகத் தொடங்கினார் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த அரைமணி நேரம் எந்தக் கோப்பிலும் ஏறாது. நாக் கையேடு பள்ளிப் பயிற்சி எப்படித் திட்டமிடப்பட்டது, பயிற்சி மாணவரை யார் யார் மதிப்பிட்டார்கள் என்று கேட்கத்தான் செய்கிறது. கல்லூரி அதற்கும் தாள் தரும். குழு கல்லூரிக்கு வருகிறது, கிள்ளைக்கு வருவதில்லை. அந்த வகுப்பாசிரியரை யாரும் எதுவும் கேட்பதில்லை. இத்தனைக்கும் அந்தப் பெண்ணின் பயிற்சியைத் திருப்பிவிட்டது அவர் கேட்ட ஒரு கேள்வி.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பள்ளிப் பயிற்சிக் காலம் பல சமயம் வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. கடலூரில் மழை விடுமுறை எத்தனை நாள் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாண்டு பி.எட். தொடங்கிய 2015-ஆம் ஆண்டிலேயே பெருவெள்ளம் வந்தது. பதினாறு வாரத்தில் உண்மையில் பாடம் நடந்த நாட்கள் எத்தனை, விட்டுப்போன நாட்களை எப்போது ஈடுகட்டினார்கள் என்று மதிப்பீடு கேட்க வேண்டும். வருகைச் சதவீதம் இதைச் சொல்லாது. பள்ளியே மூடியிருந்த நாள் அந்தக் கணக்கில் வராது.

மற்ற இடங்களில் எப்படி என்று பார்ப்போம். இலங்கையில் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு முதலிய ஊர்களில் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. மூன்றாண்டுப் பயிற்சி. இரண்டாண்டு கல்லூரியில் தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு முழுவதும் பள்ளியில் இருக்க வேண்டும். கட்டுறுப் பயிற்சி என்பார்கள். நாம் பதினாறு வாரத்துக்கே பெருமூச்சு விடுகிறோம்.

அமெரிக்காவில் 1954 முதல் இருந்த ஒரு தரச்சான்று அமைப்பும் பின்னால் வந்த இன்னொன்றும் 2013-இல் ஒன்றாகி கேப் என்ற பெயரில் இயங்குகின்றன. அதன் ஐந்து முக்கியத் தரங்களில் ஒன்று முழுக்கப் பள்ளிப் பயிற்சிக்கே ஒதுக்கப்பட்டது. பயிற்சிக் கல்லூரியும் பள்ளியும் பங்காளிகளாக இருந்து, வழிகாட்டும் ஆசிரியரைச் சேர்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. குறைகளையும் அது இரண்டாகப் பிரிக்கிறது. அடுத்த சுற்றுக்குள் திருத்திக்கொள்ளலாம் என்பது ஒரு வகை. இரண்டாண்டுக்குள் திருத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சான்று போகும் என்பது இன்னொரு வகை. நம் நாக் குழுவின் அறிக்கையிலும் கடைசியில் பரிந்துரைகள் இருக்கும். கெடு இருக்காது. அடுத்த குழு வரும்போது அதே பரிந்துரை வேறு சொற்களில் திரும்பும்.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கும் இந்த அமைப்புகள் மேல் காகித வேலை அதிகம் என்ற புகார் உண்டு. நான் கேட்பது மூன்றே மாற்றங்கள். முதலாவது, கல்லூரியைப் பார்க்க வரும் குழு, அதன் மாணவர்கள் பயிற்சி எடுக்கும் இரண்டு பள்ளிகளுக்காவது போக வேண்டும், அறிவிக்காமல் போனால் இன்னும் நல்லது. இரண்டாவது, பயிற்சிக்கு இடம் தரும் பள்ளியின் வகுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் தரும் மதிப்பீடு, கல்லூரி வழியாக இல்லாமல் நேரடியாக நாக்குக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டும். மூன்றாவது, பள்ளிப் பயிற்சியில் கண்ட குறைக்குக் கெடு வைக்க வேண்டும். வடலூரில் நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கல்லூரிகளையும் பள்ளிகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க மாவட்டத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த மாற்றங்கள் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர்களே, பணம் கட்டும் முன் நான்கு தாள்களைக் கேளுங்கள். இந்த ஆண்டு சேர்க்கைக்குச் செல்லுபடியாகும் என்.சி.டி.இ. ஆணை, அதில் இருக்கும் மாணவர் எண்ணிக்கை. பல்கலைக்கழக இணைவு ஆணை, அதில் இருக்கும் கல்வியாண்டு. நாக் சான்று இருந்தால் அதன் முடிவு தேதி. கடைசியாக, போன ஆண்டு மாணவர்கள் எந்தெந்தப் பள்ளிகளில் பயிற்சி எடுத்தார்கள் என்ற பட்டியல். முதல் மூன்றை எந்தக் கல்லூரியும் காட்டும். நான்காவதைக் காட்டத் தயங்கினால் யோசியுங்கள். காட்டினால், பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒரு பள்ளிக்குப் போய், அங்கிருக்கும் ஆசிரியரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

மாணவர்களே, வருகைக் கையெழுத்தை விலைக்கு வாங்காதீர்கள். பிற்பாடு உங்கள் பட்டத்தை யாராவது சந்தேகித்தால், உங்கள் பக்கம் பேச இருக்கப்போவது அந்த இருபது வாரம்தான்.

தலைமையாசிரியர்களே, பயிற்சிக்கு வருபவர்களை விடுப்பில் இருக்கும் ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். அவர்கள் நடத்தும் பாடத்தை ஒருவர் பின்னால் அமர்ந்து கேட்கட்டும். கேட்டதை நாலு வரி எழுதட்டும். "பரவாயில்லை", "நன்று" என்று எழுதி முடித்துவிட வேண்டாம். பி.எட். கல்லூரிகளுக்கு இந்த நாட்டில் எத்தனை அமைப்புகள் சான்று தந்தாலும், ஒரு பயிற்சி மாணவர் வகுப்பு நடத்துவதை நேரில் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் கையெழுத்துக்கு அந்த மதிப்பு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.